மாவடு ஜாடியும் கல்மரமும்

நெம்மேலிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ இல்லையோ, அதன் வழியாகக் கட்டாயம் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் அந்த ஊரைத் தப்ப முடியாது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே, அதே ஊர்தான். அங்கே என் அத்தை இருக்கிறாள். அத்தையிடம் ஒரு மாவடு ஜாடி இருக்கிறது. அந்த ஜாடியின் மூடிமேல், கனத்துக்காக ஒரு கல் இருந்தது.

பார்த்தால் விறகுத் துண்டு என்றே சொல்வீர்கள். நார் நாராக ரேகைகள். ஓரத்தில் ஒரு கணுகூட உண்டு. கையில் எடுத்தால்தான் கல் என்று தெரியும். "ரோட்டோரம் கிடந்தது, அத்தை!" என்று சொல்லி இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அதை நான்தான் கொடுத்தேன். பச்சைப் பொய்! திருவக்கரைக் கல்மரப் பூங்காவில், அத்தை முன்னால் நடக்க, பின்னால் வந்த நான் டிராயர் பைக்குள் போட்டுக்கொண்டது அது. அப்போது எனக்குப் பத்து வயது.

சென்ற மாதம் அந்தப் பூங்காவைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் சொன்னதும், எனக்குத் தூக்கம் போயிற்று. நேரே நெம்மேலிக்குப் போய் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! இத்தனை வருஷமா திருட்டுச் சொத்தையா என் மாவடுவுக்குக் காவல் வெச்சிருந்தேன்? கிளம்பு. கொடுத்துட்டு, அப்படியே வக்கிரகாளியையும் சேவிச்சுட்டு வருவோம்" என்றாள் அத்தை. கல்லை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். பேத்தியும் தொற்றிக்கொண்டாள்.

மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று ஊர்கள் பின்னே போயின. மயிலம் வழியாகத் திருவக்கரை போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. சந்திரமௌலீசுவரர் கோயில், சம்பந்தர் பாடிய ஸ்தலம். இங்கே வக்கிரகாளி அம்மனுக்குப் பௌர்ணமியன்று பெரும் கூட்டம் கூடும். தரிசனம் முடிந்ததும், கிட்டத்திலேயே உள்ள பூங்காவுக்குப் போனோம்.

பூங்கா என்றதும் புல்தரையையும் ஊஞ்சலையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்கு எட்டிய வரையில் சிவந்த மண். மழை நீர் அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளங்கள், மேடுகள். அதன் நடுவே, நேற்றுத்தான் யாரோ அறுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாற்போல, மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. சிறியதும் பெரியதுமாகச் சுமார் 200 மரங்கள். சில 15 மீட்டர் நீளம். அத்தனையும் கல்! வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

விஞ்ஞானிகள் சொல்லும் கதையும் அதற்குக் குறைந்ததல்ல. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், எங்கோ வளர்ந்த மரங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது. வழியில் கிளையும் இலையும் வேரும் போயின. அடிமரங்கள் மணலில் புதைந்தன. மண்ணுக்குள் ஊறிய நீரில் சிலிகா என்ற பொருள் கரைந்திருந்தது. தேனில் போட்ட நெல்லிக்காய்க்குள் தேன் ஊறுவது போல், அது மரத்தின் நுண்ணறை ஒவ்வொன்றிலும் ஊறிக் கல்லாக இறுகியது. நெல்லிக்காயின் உருவம் மாறாதது போல மரத்தின் வளையமும் கணுவும் அப்படியே நின்றுவிட்டன. 1781-ம் ஆண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இந்த மரங்களைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-ல் இதைப் பூங்காவாக்கிக் காப்பாற்றி வருகிறது.

"கல்லுக்குக் காவல் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். மாமல்லபுரத்து ரதங்கள் 7-ம் நூற்றாண்டிலிருந்து கடற்காற்றைத் தாங்கி நிற்கவில்லையா? அது கருங்கல், அம்மா! இங்கே மரங்கள் படுத்திருக்கும் செம்மணற்பாறையோ பதம் தப்பிய ரவா லாடு. விரலால் அழுத்தினால் உதிரும். பள்ளத்தின் விளிம்பில் நாம் வைக்கும் ஒவ்வோர் அடியும் அடுத்த மழைக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறது. கல்மரம் கடினமானதுதான், ஆனால் தட்டினால் சில்லுச் சில்லாய்த் தெறிக்கும். ஆளுக்கு ஒரு சில்லு எடுத்துக்கொண்டு போனால் என்ன மிஞ்சும்?

அத்தை காவலாளியிடம் மஞ்சள் பையை நீட்டினாள். "தம்பி, இது உங்க இடத்துக் கல். இந்தப் பிள்ளை சின்ன வயசில் தெரியாமல் எடுத்துட்டான்."

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. "எந்த மரத்துப் பக்கம் எடுத்தீங்க, சார்?" என்று மட்டும் கேட்டார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்த மேடா? இந்தப் பள்ளமா? இருபத்தைந்து மழைக்காலம் போன பிறகு பள்ளமே இடம் மாறியிருக்காதா? வெயிலில் கால் மணி நேரம் அலைந்தேன். தெரியவில்லை.

"போகட்டும் சார், கொடுத்தீங்களே!" என்று அவர் கல்லை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்திலும் இதே போல் ஒரு கல்மரக் காடு இருக்கிறது. அங்கே துண்டுகளை எடுத்துப் போனவர்கள் பலர், பிறகு மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எடுத்த இடம் தெரியாததால் அவற்றை மறுபடியும் காட்டில் போட முடிவதில்லை. போட்டால் ஆராய்ச்சி தடம் புரண்டுவிடும். ஆகவே தனியே ஒரு குவியலாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கு 'மனச்சாட்சிக் குவியல்' என்று பெயர்!

திரும்பும்போது பேத்தி திடீரென்று நின்று, செருப்பைக் கழற்றி உதறினாள். "என்னடி?" என்றாள் அத்தை. "மண்ணு ஒட்டிண்டிருக்கு பாட்டி. அதுவும் இங்கேதானே இருக்கணும்?" என்றது குழந்தை. எனக்குப் பத்து வயதில் அந்தப் புத்தி இல்லை.

நீங்களும் ஒரு முறை குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். காலை வேளையில் போவது உசிதம். குடையும் தண்ணீரும், முடிந்தால் ஒரு கூஜா மோரும் எடுத்துச் செல்லுங்கள். போட்டிருக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். வளையங்களை ஆசை தீரக் கண்ணால் பாருங்கள். புறப்படும்போது குழந்தைகளின் பையைத் தடவிப் பாருங்கள். என் அத்தை அன்று பார்த்திருந்தால் அந்தக் கல் இன்னும் அதன் இடத்திலேயே இருந்திருக்கும்.

மாவடு ஜாடி என்ன ஆயிற்று என்கிறீர்களா? வழியில் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில், செதுக்கி எறிந்த கருங்கல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அத்தை அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

"கேட்டுத்தானே எடுத்தே?" என்று இரண்டு தடவை விசாரித்த பிறகுதான் ஜாடிமேல் வைத்தாள்!