‘தோன்’ கற்பித்த பாடம்

பிறமொழி கற்கப் புகுவோர் தம் மொழியையும் புதிதாகக் கற்றுத் திரும்புவர். இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது பிரெஞ்சு மொழியில் உள்ள ‘தோன்’ என்னும் சிறு சொல்லே. இரு வாக்கியங்களை ஒன்றாக்கும் இணைப்புப் பிரதிப்பெயர் அது. ‘உடைய’, ‘பற்றி’, ‘இலிருந்து’ எனப் பல பொருள் தரும் ‘து’ என்னும் இடைச்சொல்லைத் தன்னுள் அடக்கி நிற்பது அதன் தனித்தன்மை.

‘எனக்குத் தேவையான நூல்’ என்பதை ‘லு லீவ்ர் கு ஜெ பெஸ்வேன்’ என எழுதிக் கொடுத்தோம். ஆசிரியர் ‘கு’வை அடித்துத் ‘தோன்’ என எழுதி, “து எங்கே போயிற்று?” என வினவினார். பிரெஞ்சில் தேவையைச் சொல்லும் தொடர், தேவைப்படும் பொருளைத் ‘து’ கொண்டே சுட்டும். நம் தமிழிலோ ‘வெட்டிய வாள்’, ‘வெட்டிய மரம்’, ‘வெட்டிய நாள்’ என ஒரே பெயரெச்சம் கருவியையும் செயப்படுபொருளையும் காலத்தையும் கொள்ளும். வேற்றுமை உருபு மறைந்து நிற்க, கேட்போரே பொருளுணர்வர். தொல்காப்பியர் பெயரெச்சம் கொள்ளும் பொருள்களை ஆறெனக் கூறியதன் அருமை அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

திருந்திவிட்டோம் என மகிழ்ந்த வேளையில் மறுபிழை நேர்ந்தது. ‘மகன் நோயுற்றிருக்கும் மனிதர்’ என்பதற்கு ‘லொம் தோன் சோன் ஃபிஸ் எ மலாத்’ என்றோம். ‘அவருடைய’ எனப் பொருள்படும் ‘சோன்’ அங்கு ஆகாது; ‘லு ஃபிஸ்’ என்பதே முறை. ‘உடைய’ என்னும் பொருள் தோனுக்குள்ளேயே அடங்கிவிட்டதன்றோ! இப்பிழை எங்கிருந்து வந்தது? இளமையில் மதரஸாவில் பயின்ற அரபு மொழியிலிருந்து வந்தது. அரபில் ‘அல்லதீ’ என்று தொடங்கிய பின்னரும் ‘இப்னுஹு’ என, ‘அவருடைய’ என்னும் ‘ஹு’ மீண்டும் வரவேண்டும். இலக்கணிகள் அதனை ‘ஆயித்’, அதாவது மீள்வது, என்பர்.

மதிப்பெண் குறைந்த நாணத்தால் பிரெஞ்சையே கைவிட எண்ணியிருந்த நாம் மனம் தேறினோம். அவை வெறும் அறியாமையால் நேர்ந்த பிழைகள் அல்ல. ஒன்று தாய்மொழியின் சுவடு. மற்றொன்று மறைமொழியின் சுவடு. மூன்று மொழிகளும் ஒரே கருத்தை மூவகையாகச் சொல்கின்றன: தமிழ் உருபை மறைக்கிறது, அரபு பெயரை மீட்கிறது, பிரெஞ்சு ஒரு சொல்லில் அடக்குகிறது. இவற்றுள் உயர்வு தாழ்வு காண்பது அறிவுடைமையாகாது.

‘தோன்’ என்பதன் மூலம் ‘எங்கிருந்து’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடராகும். பிழை செய்யும் மாணவரைக் கடிந்துகொள்ளுமுன் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே. மொழிகளின் வேற்றுமையைத் தன் சான்றுகளுள் ஒன்றாக்கிய இறைவனுக்கே எல்லாப் புகழும்!