இருப்பவரைக் காண ஒரு பயணம்

மும்பைத் தமிழர் இல்லங்களில் 'ஊருக்குப் போகிறோம்' என்னும் சொல் அடிக்கடி ஒலிப்பதொன்று. தாராவியில் முப்பது ஆண்டு வாழ்ந்தவரும் நெல்லைச் சீமையைத்தான் ஊர் என்பார். அவருடைய பேரக் குழந்தையோ, அங்கே நான்கு நாள் தங்கியதும், "வீட்டுக்கு எப்போது போவோம்?" என்று கேட்கும். ஆக, நமக்கு ஊர் ஓரிடம்; வீடு ஓரிடம். இரண்டையும் இணைத்து நிற்பது ரயில் ஒன்றே. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களைப் போன்றோர்க்கு இந்த எண்ணம் நாள்தோறும் எழுவதில் வியப்பில்லை.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிற்று. தென்னாட்டில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு முதல் ரயில் புறப்பட்டது. இவ்விரு திசைப் பாதைகளும் 1871-இல் ராய்ச்சூரில் ஒன்று கூடின. அவ்வழியே நம் முன்னோர் வந்தனர். நெல்லைச் சீமையார் பலர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். எழுத்தும் கணக்கும் அறிந்தோர் மாதுங்காவில் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றிற்று. பின்னர் செம்பூரும் நம்மவர் வாழிடமாயிற்று. இன்றும் பொங்கலன்று தாராவித் தெருக்களில் வரிசை வரிசையாகப் பானைகள் பொங்குவதைக் காணலாம்.

ஆயினும் தூரம் தூரமே. சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் வழியாகச் செல்லும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால், திருநெல்வேலி போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாளாகிறது. 2020 மார்ச்சில் நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நின்றுபோனபோதோ, அந்த ஒன்றரை நாளும் எட்டாத தொலைவாயிற்று. மே முதல் நாள் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் தொடங்கும் வரை, ஊரிலுள்ள முதியோரும் நாமும் தொலைபேசியில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டே ஆறுதல் அடைந்தோம்.

எங்கள் தந்தையார் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். செய்தி நள்ளிரவில் வந்தது. குடும்பத்தோடு விமானம் ஏறும் வசதி எங்களுக்கில்லை. ரயில்வே ஊழியர்க்குப் பாஸ் உண்டு. அதைக் காட்டினால் நிறைந்த வண்டியில் படுக்கை முளைத்துவிடாதே! முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றும் குந்தியும் சென்றோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாம்பலும் ஆறிவிட்டது. சிற்றப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான்.

தாயார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, போன ஆனியிலே பிள்ளைகளோடு வந்து பத்து நாள் அவர் பக்கத்தில் இருந்தீர்களே. அதைத்தான் கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். அந்தப் பத்து நாட்களில் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மாலையில் பேத்திக்கு அவர் பனையேறிய கதை சொல்வார். அவள் தட்டுத் தடுமாறித் தமிழில் கேள்வி கேட்பாள். அவ்வளவே. அதுவே இன்று எங்களுக்கு எஞ்சிய செல்வம்.

பிறநாடுகளில் உழைக்கும் பிலிப்பைன்ஸ் மக்களும் இத்தகையோரே. அவர்கள் சோப்பும் துணியும் தின்பண்டமும் நிரப்பி ஊருக்கு அனுப்பும் பெட்டிக்குப் 'பாலிக்பாயன்' பெட்டி என்று பெயர். 'பாலிக்' என்றால் திரும்புதல். 'பாயன்' என்றால் ஊர், நாடு. உடையவர் திரும்பும் முன்னே பெட்டி திரும்புகிறது! நாமும் துணியும் மருந்தும் கொண்டு செல்கிறோம். கருப்பட்டியும் வற்றலும் சுமந்து வருகிறோம். ஆனால் பெற்றோர் கண்கள் முதலில் தேடுவது பெட்டியையா? அதன் பின்னே வரும் பிள்ளைகளை அல்லவா?

முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்னரே பயணச்சீட்டுப் பதிவு செய்யலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. கலியாணத்துக்கும் கொடைவிழாவுக்கும் பதிவு செய்ய அது போதும். சாவுக்கு முன்பதிவு செய்தவர் எவருமில்லை. அலைந்து திரிந்து, கடன் வாங்கி, துக்கத்துக்கு ஓடும் நம்மவர் பலர், அதற்கு முந்திய ஆண்டில் செலவுக்கு அஞ்சிப் பயணத்தைத் தள்ளிப்போட்டவர்களாகவே இருக்கின்றனர்.

அன்பர்களே, பிழைப்பை விட்டுவிட்டு ஊர் திரும்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்நகரம் நமக்குச் சோறிடுகிறது. இதன் மராத்தி மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். பாட்டியோடு பேசுவதற்குரிய தமிழையும் அவர்கள் இழவாதிருக்கட்டும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை உண்டியலில் போட்டு வாருங்கள். பள்ளி விடுமுறைக்கு அறுபது நாள் இருக்கும்போதே சீட்டைப் பதிவு செய்துவிடுங்கள். இறந்தவரைக் காண ஓடுவது நம் கையில் இல்லை. இருப்பவரைக் காணச் செல்வது நம் கையில்தான் இருக்கிறது.