இரண்டு கட்டம்

கொப்பியின் இடது ஓரத்துச் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் கிடக்கும் ஒரு அங்குலம் ஆசிரியனுக்குச் சொந்தம். இருபது வருடங்களாக அந்த நிலத்தை நான்தான் ஆண்டு வருகிறேன். ஒற்று, னகர ணகரம், ரகர றகரம், லகர ளகரம் என்று எல்லாப் பிழைக்கும் அங்கே இடமிருந்தது.

இம்முறை பாடசாலை மலருக்காகப் பிள்ளைகளின் கட்டுரைகளைக் கணனியில் திருத்த நேர்ந்தது. மூத்த மகன் 'விம்' என்ற எழுத்துத் தொகுப்பானைப் போட்டுத் தந்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட மென்பொருள் அது. வரிகளின் இடப்பக்கத்தில் குறியிட அதில் வசதியுண்டு. அதற்கென மகன் சிறியதொரு செருகுநிரலும் எழுதினான்.

முதலில் குறியை வரையறுக்க வேண்டும். பிறகு வரி எண்ணைச் சொல்லி இட வேண்டும். 'ஒற்றுப்பிழை' என்று கொடுத்தேன். குறி செல்லாது என்று 239ஆம் இலக்கப் பிழைச் செய்தி வந்தது. எனக்கே பிழைச் செய்தி!

"ரெண்டு கட்டத்துக்கு மேல போகாது வாப்பா" என்றான் மகன்.

'ஒற்', 'னண' என்று சுருக்கி ஏழு குறிகள் செய்தோம். அடுத்து இந்த வரி வந்தது:

"உம்மா வெளிநாடு போன நாளில் எங்கள் வீட்டு கினற்றில் தன்னீர் இனிக்கவில்லை."

மூன்று பிழைகள். மூன்று குறிகள் இட்டேன், ஒன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு குறிக்கும் முன்னுரிமை எண் உண்டாம், சொல்லாவிட்டால் 10. ஒரு வரியில் பல குறிகள் இருந்தால் பெரிய எண்ணுள்ளதே கண்ணுக்குத் தெரியும்.

"எது முக்கியம் வாப்பா, சொல்லுங்க."

எதைச் சொல்ல? அந்த வரியை மறுபடி வாசித்தேன். தரம் ஒன்பதில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை. போன தவணையில் அவளுடைய கொப்பி முழுதும் நான் சிவப்பாக்கியிருந்தேன். அதன் பிறகு பல மாதங்கள் வழிகாட்டி நூலிலுள்ள கட்டுரைகளைப் பார்த்தெழுதியே தந்தாள். அவற்றில் பிழையே இருக்கவில்லை. நானும் சந்தோஷப்பட்டிருந்தேன்.

ஏழு குறிகளில் ஒன்றுகூட இந்த வரிக்குரியதல்ல. எட்டாவதாக 'நன்' என்று ஒன்றை வரையறுத்து, 20 கொடுத்தேன்.

"பிழையெல்லாம் மறையுதே வாப்பா!"

"மறையட்டும் மகன்."

கோப்பை மூடினால் இந்தக் குறிகள் தங்குவதில்லை. ஆகவே மறுநாள் அவளுடைய கொப்பியை வாங்கி, ஓரத்தில் முதலில் 'நன்று' என்று பேனையால் எழுதினேன். அதன்கீழ், சிறிய எழுத்தில், மூன்று திருத்தங்கள்.