மண்ணுக்குள் ஓர் உழைப்பு

வறுமையைப் பாடவந்த பழந்தமிழ்ப் புலவர்களுக்குக் காளான் ஒரு சாட்சி. குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், சமையலை மறந்த தம் வீட்டு அடுப்பிலே காளான் பூத்துக் கிடந்ததைச் சொல்லித் தம் பசியை உணர்த்தினார். சிறுபாணாற்றுப்படையின் பாணன் வீட்டு அட்டிலிலும் அதே காளான் முளைத்திருக்கிறது. உயர்தர வகுப்பில் இப்பகுதிகளைக் கற்பிக்கும்போது மாணவர் காளானைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு உரையாசிரியர்கள் உதவுவதில்லை. ஆகவே நாமே விஞ்ஞான நூல்களைப் புரட்ட நேர்ந்தது. புலவருக்கு வறுமையின் சின்னமாகத் தோன்றிய பொருள், வயலிலே வளத்தின் அத்திவாரமாக இருக்கக் கண்டோம்.

நம் பாடநூல்கள் காளானையும் அதன் சுற்றத்தையும் 'பங்கசு' என்கின்றன. பங்கசு என்றதும் மாணவர் நினைவுக்கு வருபவை பாணிற் பிடிக்கும் பூசணமும் நெற்பயிரை வாட்டும் நோயுமே. இலங்கையின் வரலாறும் இப்பழிக்குத் துணைநிற்கிறது. 1869இல் அடையாளங் காணப்பட்ட கோப்பித் துருநோய் ஒரு பங்கசினால் வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பித் தொழிலை அது வீழ்த்தியது. அதனை ஆராய்வதற்கு மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி 1880இல் இங்கு வந்தார். ஆனால் மலை மலையாகக் காட்டை அழித்து ஒரே பயிரை நெருக்கி நட்ட தோட்ட முதலாளிகளின் பேராசையே அப்பங்கசுக்குப் பந்தி விரித்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. கூலி சுமந்த தமிழ்த் தொழிலாளியின் லயம் மாறவில்லை.

தீமை செய்யும் பங்கசுகள் அவ்வினத்தில் ஒரு சிறு பகுதியே. பெரும்பாலானவை மண்ணிற் கண்ணுக்குப் புலனாகாது உழைப்பவை. நாம் பறிக்கும் காளான், ஒரு மரத்தின் கனியைப் போன்றது. மரமோ நிலத்தடியில், சிலந்தி நூலினும் மெல்லிய இழைகளாகப் படர்ந்திருக்கிறது. வளமான மண் ஒரு கிராமில் இவ்விழைகள் பல மீற்றர் நீளத்துக்கு உண்டு. உதிர்ந்த இலையையும் விழுந்த கிளையையும் உக்கச்செய்து மீண்டும் பயிருணவாக்கும் வேலையில் இவற்றின் பங்கு பெரிது. மரத்துக்கு வலிமை தரும் இலிக்னினை முற்றாகச் சிதைக்க வல்ல உயிர்கள் மிகச் சில. அவற்றுள் தலையானவை பங்கசுகளே. மாரி தொடங்கியதும் கறையான் புற்றிற் பூக்கும் காளானை நம் பிள்ளைகள் பறித்துவந்து கறியாக்குவர். அது தற்செயலாக முளைப்பதன்று. கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்தின் பூ அது.

இன்னொரு கூட்டம் உயிருள்ள வேரோடு உறவு கொள்வது. 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க், விலையுயர்ந்த ஒருவகை நிலத்தடிக் காளானைப் பயிரிட இயலுமா என்று ஆராயப் புகுந்து, மரவேரும் பங்கசும் ஒன்றாய்ப் பிணைந்திருப்பதைக் கண்டு 'பங்கசுவேர்' எனப் பொருள்படும் பெயரிட்டார். நிலத் தாவர இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்குக்கு இவ்வுறவு உண்டு. பொசுபரசு மண்ணில் எளிதில் நகராத சத்து; வேர் தன்னைச் சுற்றியுள்ளதை உறிஞ்சியபின் பட்டினி கிடக்கும். அப்போது வேர் எட்டாத இடத்துக்கு இழை செல்கிறது, சத்தைக் கொணர்கிறது. கூலியாகத் தாவரம் தன் சர்க்கரையிற் சிலவேளை ஐந்தில் ஒரு பங்குவரை கொடுக்கிறது. இதனை இயற்கையின் பொதுவுடைமை என்று பரவசப்படும் நண்பர்கள் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லோம். பொசுபரசுப் பசளை மலிந்துவிட்டால் தாவரமும் கூலியைக் குறைத்துவிடுகிறது, பங்கசு மெலிகிறது. அதில் ஏதும் பரவசமில்லை.

இழைகள் மண் துணிக்கைகளைப் பிணைத்துக் கட்டியாக்கவும் செய்கின்றன. அக்கட்டிகளுக்கிடையேதான் காற்றும் நீரும் தங்கும். இலங்கைத்துறை போன்ற ஊர்களில், கரையோர மணலிற் கச்சான் போடுபவனுக்கு இதன் அருமை விளங்கும். பெய்த மழை அங்கே நிற்பதில்லை. 2006ஆம் ஆண்டுப் போரில் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்கள் தம் நிலத்துக்கு மீள 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மீண்டவர்கள் கண்டது பற்றைக்காடு. அதைக் கண்டு அழுதவர்களின் துயரம் நியாயமானதே. எனினும் வேருள்ள இடத்தில்தான் வேரோடு வாழும் பங்கசும் பிழைக்கும். வெற்று நிலத்தில் அது பட்டினியால் அழியும். அந்தப் பற்றை, கமக்காரன் இல்லாத காலத்தில் அவனது மண்ணுக்குக் காவலிருந்தது. காட்டை வேரோடு பெயர்த்து மேல்மண்ணையும் வழித்தெடுக்கும் இயந்திரம் அக்காவலையும் சேர்த்து வழித்துவிடும்.

இவ்வறிவோடு 2021ஐ நோக்குவோம். 1962இலிருந்து அரசு மானிய விலையிற் பசளை வழங்கிக் கமக்காரனை அதற்குப் பழக்கியது. இரண்டு தலைமுறை அவ்வாறே கழிந்தது. பத்தாண்டுகளிற் சேதனப் பயிர்ச்செய்கைக்கு மாறுவோம் என்று 2019இல் வாக்களித்த ஆட்சி, 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கியது, பெரும்போகமோ தொடங்கிவிட்டது. அப்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. சேதனப் பசளையே பொய் என்று இன்று சிலர் நகைக்கின்றனர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மண்ணின் வேலையாட்களைப் பட்டினி போட்டுவிட்டு, ஒரு காலையில் மணியடித்து அவர்களை வேலைக்கு அழைத்தார்கள். வருவதற்கு யார் இருந்தார்கள்? கொழும்பிலிருந்து உத்தரவிட்டவர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கடனை எண்ணி விழித்திருந்தவன் வயற்காரன்.

நெல்வயலைப் பற்றி மிகைபடக் கூறலாகாது. நீர் தேங்கிய சேற்றிற் காற்றில்லாமையால் பங்கசு தளரும்; அங்கே பக்ரீரியாக்களுக்கே பெரும்பங்கு. ஆனால் அறுவடைக்குப் பின் காயும் வயலிலும், வரம்பிலும், சோளனும் கச்சானும் விளையும் மேட்டுநிலத்திலும் பங்கசு மீண்டும் தொழில் தொடங்கும். அப்பொழுது வயலில் அதற்குக் கிடைக்கக்கூடிய உணவு வைக்கோல். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதியும் அதிலேயே தங்கியிருக்கிறது. நாமோ அதனைக் கொளுத்துகிறோம்.

ஏன் கொளுத்துகிறீர்கள் என்று ஒரு மாணவனின் தந்தையிடம் கேட்டோம். குத்தகைக்கு வயல் செய்பவர் அவர். "அடுத்த போகம் இந்த வயல் ஆருக்கெண்டு எனக்குத் தெரியாது சேர். வைக்கோலை உக்கவிட்டு ஆருக்கு மண்ணைத் திருத்திக் குடுக்க?" என்றார்.

அவருக்கு விஞ்ஞானம் தெரியாமலில்லை. மண்ணில் இழை படர்ந்து கட்டி சேர்வதற்குப் பல போகங்கள் வேண்டும். அவருடைய குத்தகையோ ஒரு போகத்துக்கு. சேதனப் பசளையைப் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் இக்குத்தகைக் காலத்தைப் பற்றிய பேச்சை நாம் இதுவரை கேட்டதில்லை. ஐந்தாண்டுக்குக் குறையாத எழுத்துக் குத்தகை அவருக்குக் கிடைக்குமாயின், வைக்கோலை மடக்கி உழுவதற்குத் தாம் ஆயத்தம் என்கிறார். நிலச் சொந்தக்காரர் இன்னும் மறுமொழி கூறவில்லை.