முதல்ல மீன் துண்டு... அப்புறம்தான் சோறு!

நேத்து மெஸ்ல என்ன சாப்பிட்டீங்கனு கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. மத்தியானம் மலை மாதிரி சோறு, குளம் மாதிரி சாம்பார், ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல். ராத்திரி நாலு தோசை. சரிதானே? நம்ம எல்லார் தட்டும் அப்படித்தான். 2025-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வுப்படி, நாம சாப்பிடுற கலோரியில 62 சதவிகிதம் மாவுச்சத்துலேருந்துதான் வருது. வயிறு ஒரு லிட்டருக்கு மேல பிடிக்கிறவரைக்கும் இது பெரிசா உறைக்காது. அதே வயிறு ஒரே நாள்ல 150 மில்லியா சுருங்கிப்போனா?

திருச்சியில நான் தங்கிப் படிக்கிற எங்க அத்தைக்கு அதான் நடந்துச்சு. எடை 112 கிலோ, கூடவே சுகர், முட்டி வலி. டாக்டர் சொல்லி 'ஸ்லீவ்' ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. வயித்துல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை சட்டைக் கை மாதிரி ஒரு குழாயா விட்டுடுவாங்க. பசியைத் தூண்டுற 'க்ரெலின்' ஹார்மோன் அதிகமா சுரக்கிற பகுதியும் அதோட போயிடும். அதனால வயிறும் சின்னது, பசியும் கம்மி.

சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிக்கிட்டா"னு ஒரு கமென்ட். ஷார்ட்கட்டாம்! பக்கத்துல இருந்து பார்த்த நான் சொல்றேன், கஷ்டமே ஆபரேஷனுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

இது ஒரு கணக்கு மச்சி!

'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' பேப்பர்ல லீனியர் புரோகிராமிங் படிச்சிருப்பீங்க. அத்தையோட சாப்பாடு அதேதான். ஒரு வேளைக்கு அரை கப்புக்கு மேல போகாது. சாப்பிடும்போது தண்ணி கூடாது, அரை மணி கழிச்சுத்தான். ஆனா ஒரு நாளைக்கு குறைஞ்சது 60 கிராம் புரோட்டீன் உள்ளே போயாகணும். புரோட்டீன் பத்தலைனா கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும். எடை மிஷின்ல நம்பர் இறங்கும், மாடிப்படி ஏறத்தான் தெம்பு இருக்காது.

ஒரு கப் சோத்துல புரோட்டீன் சுமார் 4 கிராம், மாவுச்சத்து 40 கிராமுக்கு மேல. சோத்தை மட்டும் நம்பினா 15 கப் வேணும்! இட்லியில ஒண்ணுக்கு 2 கிராம். முட்டைன்னா 6 கிராம், 50 கிராம் பனீர்ல 9 கிராம். அதனாலதான் டயட்டீஷியன் ஒரே வரியில சொல்லிட்டாங்க... முதல்ல புரோட்டீன், அடுத்து காய், கடைசியில இடம் இருந்தா சோறு.

திரவ ஸ்டேஜ் எல்லாம் தாண்டி மூணாவது மாசம் எங்க வீட்டு ஃபார்முலா இது: காலையில பால், ரெண்டு முட்டை. மத்தியானம் ரெண்டு துண்டு மீன் இல்லைனா கோழி, கொஞ்சம் தயிர். சாயங்காலம் குட்டிக் கிண்ணத்துல சுண்டல். ராத்திரி பனீர். குறையறதுக்கு டாக்டர் எழுதின பவுடர்.

சோறு வில்லனா?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு வீடியோ பார்த்துட்டு வந்து, "மாவுச்சத்தே விஷம், ஒரு பருக்கை தொடாதீங்க"ன்னாங்க. அத்தையும் நிறுத்திட்டாங்க. நாலே நாள்ல தலைசுத்தல், அசதி, மலச்சிக்கல். டயட்டீஷியன் செம டோஸ் விட்டாங்க. மூளைக்கு குளுக்கோஸ் வேணும். மாவுச்சத்தை அடியோட நிறுத்தினா, உடம்பு புரோட்டீனை உடைச்சு அதைச் செஞ்சுக்கும். வீடு கட்ட வாங்கின மரத்தை அடுப்புல போட்டு எரிக்கிற மாதிரி! அளவுதான் முக்கியம். ஆரம்பத்துல நாளைக்கு 50 கிராம் பக்கம், மாசம் போகப்போக கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு, காய்னு வரலாம். ஜூஸும் ஸ்வீட்டும் வேற கதை. சர்க்கரை வேகமா குடலுக்குள்ள இறங்கினா வியர்வை, படபடப்பு, பேதினு ஆளையே சாய்ச்சிடும். இதுக்கு 'டம்பிங்'னு பேர்.

இப்படி எல்லாம் தெரிஞ்சும் அத்தைக்கு சீப்பு நிறைய முடி கொட்டுச்சு. எடை வேகமா குறையும்போது மூணு டு ஆறு மாசத்துல இது சகஜம்தான், ஆனா புரோட்டீன் குறைஞ்சா நீளும்னாங்க. ஒரு வாரம் நோட்டு போட்டு எழுதினேன். ஆவரேஜ் 26 கிராம்! வீட்ல முட்டை இருக்கு, மீன் இருக்கு, எங்கே லீக் ஆகுது?

லீக் தட்டுல இல்லை பாஸ், வரிசையில. மீன் குழம்பு வெச்சா நடுத்துண்டு மாமாவுக்கு, அடுத்தது பசங்களுக்கு, அப்புறம் எனக்கு. எல்லாரும் எழுந்ததும் மூணு மணிக்கு அத்தை உட்காருவாங்க. சட்டியில மிச்சம் குழம்பும் வால் துண்டும். அசதியில நாலு வாய் தயிர்சாதம், வயிறு ஃபுல். "முதல்ல நீங்க உட்காருங்க அத்தை"ன்னா, "எல்லாரும் சாப்பிடட்டும்டி, எனக்கென்ன அவசரம்"பாங்க. இருபத்தஞ்சு வருஷப் பழக்கமாச்சே!

நோட்டை மாமாகிட்ட காட்டினேன். அவர் ஒண்ணும் பேசலை. அடுத்த ஞாயித்துக்கிழமை அவரே கரண்டியை எடுத்து, நடுத்துண்டு ரெண்டை ஒரு தட்டுல வெச்சு, "உட்காரு, நாங்க காத்திருக்கோம்"னார். அத்தை முள் எடுத்து, மென்னு மென்னு இருபத்தஞ்சு நிமிஷம் சாப்பிட்டாங்க. "குழம்பு காரம்டி"னு நடுவுல கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு எங்க வீட்ல காரமே கம்மி.

இப்ப நோட்டுல 60-க்கு மேல நிக்குது. முடி கொட்டறதும் குறைஞ்சிருக்கு.

உங்க வீட்லயும் யாராவது இந்த ஆபரேஷன் பண்ணியிருந்தா, ரெண்டு விஷயம் மறக்காதீங்க. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நல்லாயிட்டோம்னு நிறுத்தவே கூடாது. வாந்தி நிக்காம எடுத்தா, 'சரியாயிடும்'னு காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடணும்.

ஆபரேஷனே பண்ணலையா? அப்பவும் ஒரு வேலை இருக்கு. இன்னிக்கு அம்மாவுக்கு போன் போட்டு வழக்கமா கேட்கிற 'சாப்டியாம்மா'வோட நிறுத்தாதீங்க. 'எத்தனை மணிக்கு சாப்பிட்டே, உன் தட்டுல எத்தனை துண்டு'னு கேளுங்க. பதில் சட்டுனு வரலைனா, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது கரண்டி உங்க கையில இருக்கட்டும்!