ஒன்றாம் தேதிச் சம்பளமும் எட்டுக் குழி மனையும்

போன வாரம் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் ஒரே விவாதம். ஒரு நண்பன் யூட்யூபில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "மாசச் சம்பளம்ங்கிறது அடிமைத்தனம். நிலத்துல போட்டவன் எவனும் தோத்ததில்ல. டிகிரி முடிச்சதும் நேரா ரியல் எஸ்டேட்தான்" என்று ஆரம்பித்தான். பாதிப் பேர் கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படம் ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

எங்கள் ஊர் மன்னார்குடி. வெளியூர்க்காரர்களுக்கு ராஜகோபாலசுவாமி கோயிலும், கடல் மாதிரி கிடக்கும் ஹரித்ராநதி தெப்பக்குளமும் தெரிந்திருக்கும். எங்கள் அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். பெரிய சம்பளம் இல்லை. ஆனால் ஒன்றாம் தேதி வந்தால் பணம் வரும். அம்மா அதைக் கேஸுக்கு, பாலுக்கு, சீட்டுக்கு, எனக்கு ஸ்கூல் பீஸுக்கு என்று தனித்தனி டப்பாவில் பிரித்து வைப்பார். எனக்கு அப்போது அந்த டப்பாக்களின் அருமை தெரியாது.

சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க வருகிறவர்கள் எல்லாம் சிட்டா, அடங்கல் கொண்டுவருவார்கள். பதினைந்து வருடம் அதையே புரட்டிப் புரட்டி, எந்த சர்வே நம்பர் யாருடையது, எது கோயில் நிலம், எது மடத்து நிலம், எதில் குத்தகைதாரர் பதிவாகியிருக்கிறார், எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை முடியவில்லை என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். நிலம் வாங்குகிறவர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அப்பா பார்த்துச் சொல்வார். அவர்கள் லட்சக்கணக்கில் லாபம் பார்ப்பார்கள். அப்பாவுக்கு ஒரு காபி.

2011-ல் நீடாமங்கலம் பாதை திரும்பப் போடப்பட்டு மன்னார்குடிக்கு ரயில் வந்தது. சிங்கப்பூர், வளைகுடா என்று போனவர்களின் பணமும் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. ஊரைச் சுற்றி வயல்களில் வெள்ளையடித்த கல்லும் கலர் கொடியுமாக ஏதாவது ஒரு 'நகர்' முளைத்தது. ஷாமியானா, சிக்கன் பிரியாணி, முன்பதிவு செய்தால் குலுக்கலில் தங்கக் காசு. 2014 ஜூனில் அப்பா வேலையை விட்டார். அப்போது நான் நாலாம் வகுப்பு.

'கையில் காசில்லாமல் எப்படி நிலம் வாங்கினார்?' என்று கேட்பீர்கள். இந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான். நிலத்தை வாங்கவே வேண்டாம். நிலத்துக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, இத்தனை மாதத்துக்குள் மீதியைத் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டு, ஒரு பவர் பத்திரம் வாங்கிக்கொண்டால் போதும். மனையாகப் பிரித்து, வாங்குகிறவர் பெயருக்கு நேரடியாகக் கிரயம் செய்துவிடலாம். எங்கள் பக்கம் நிலத்தைக் குழி, மா என்றுதான் சொல்வோம். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. ஆறு மா நிலம் எடுத்தால் 600 குழி. ரோட்டுக்கு விட்டது போக விற்பதில்தான் லாபம். கெடு முடிவதற்குள் மனை விற்றால் ராஜா. விற்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு.

அப்பா தன் பி.எஃப். பணத்தைப் போட்டார். இரண்டு பங்காளிகள் சேர்ந்தார்கள். முதல் மனைப்பிரிவு நாலே மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது, எனக்கு சைக்கிள் வந்தது. தாத்தா மட்டும், "நெல்லு விளையுற எடத்துல கல்லு நடுறியேடா" என்று முணுமுணுப்பார். அப்பா சிரித்துக்கொள்வார்.

இரண்டாவது மனைப்பிரிவு ஆறு மா. மொத்தம் 40 மனை. நஞ்சையை மனையாக்க முறைப்படி கலெக்டர் அனுமதி, டிடிசிபி அங்கீகாரம் எல்லாம் வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும், பூங்காவுக்கு இடம் விட வேண்டும், ரோட்டை அகலமாகப் போட வேண்டும். ஒப்பந்தக் கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் யாரும் வாங்காத அங்கீகாரத்தை நாம் மட்டும் ஏன் வாங்க வேண்டும் என்றார்கள் பங்காளிகள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். அடுத்தவர் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடாத மனிதர்!

அந்த 40 மனையில் ஒன்று, எட்டுக் குழி, ஒரு சத்துணவு சமையல் அம்மாவுக்கு. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் அனுப்புகிற பணமும் இவர் சம்பளமும் சேர்த்து, முன்பணம் 20,000 போக, மாதம் 4,000 வீதம் 24 தவணை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்து பணத்தைக் கொடுத்து, அட்டையில் அப்பாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் ஒன்றாம் தேதி போய்விட்டது. அதற்குப் பதிலாக இந்த மாதிரி ஐந்தாம் தேதிகள் வந்திருந்தன. இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

2016 செப்டம்பர் 9 அன்று, விளைநிலங்கள் கண்டபடி மனைகளாவதை எதிர்த்த பொதுநல வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. எங்கள் மனைப்பிரிவில் அதுவரை 22 மனை பதிவாகியிருந்தது. மீதி 18 நின்றுவிட்டது. அந்த அம்மா கடைசித் தவணையோடு வந்தது அக்டோபர் 5. அப்பா என்ன செய்திருக்க வேண்டும்? "அம்மா, பதிவு நின்னு போச்சு, பணத்தை வெச்சிக்குங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். "ஒரு மாசத்துல சரியாயிடும்" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் அரிசி வாங்க வேண்டியிருந்தது.

ஒரு மாதத்தில் ஒன்றும் சரியாகவில்லை. அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்து, சம்பா கருகியது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். எங்கள் பக்கம் அறுவடைப் பணம் வந்தால்தான் தை, மாசியில் மனை விற்கும். விளையவே இல்லையென்றால் யார் வாங்குவார்கள்? கையில் எடுத்திருந்த மூன்றாவது நிலத்துக்குக் கெடு முடிந்து, அட்வான்ஸ் போனது. பங்காளிகளில் ஒருவர் போனையே எடுப்பதில்லை.

அந்த அம்மா மட்டும் மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி வந்தார். கொடுக்கப் பணம் இல்லை, கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, "சார், தேதி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்பார். சத்தம் போடமாட்டார், சாபம் விடமாட்டார். மற்றவர்கள் வந்து கத்திவிட்டுப் போவார்கள், அதுகூடத் தேவலை. இவர் வருகிற நாளில் அப்பா கொல்லைப்பக்கம் போய் நிற்பார். நான்தான் வாசலுக்குப் போய், "அப்பா வெளில போயிருக்காங்க" என்று சொல்வேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இன்றும் உறுத்துவது அதுதான்.

2017 மே மாதம் அரசு ஒரு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் சில மனைகளாவது பதிவாகியிருந்தால், கட்டணம் கட்டி அந்த மனைப்பிரிவை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். எங்களுக்குப் பதிவான 22 மனை இருந்தது. கட்டணத்துக்குத்தான் பணம் இல்லை. அந்த ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள் (2023-ல் அதை 2 ஆக்கியது பிறகு வந்த கதை). அம்மாவின் நகை முழுக்கப் போனது. வீட்டை ஒட்டியிருந்த எங்கள் காலி மனையும் போனது. என்னை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து எடுத்து அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்த்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல டீச்சர்கள் கிடைத்தார்கள். ஆனால் ஏன் மாற்றினார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

2018-ல் ஆடி கழிந்து ஆவணியில் அந்த எட்டுக் குழி பதிவானது. பதிவு அலுவலகத்தில் கைநாட்டு மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அந்த அம்மா, "தேதி வந்துடுச்சு சார்" என்று சிரித்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் வரவில்லை. அந்த நவம்பரில் கஜா புயல் அடித்து ஊரே சின்னாபின்னமானது. நாங்கள் மூன்று பேரும் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தோம். ஓடு பறந்துகொண்டிருந்தது. அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறது: "நல்லவேளை, இதுக்கு முன்னாடியே பதிஞ்சு குடுத்துட்டோம்."

இப்போது அப்பா காலையில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறார். மாலையில் பத்திரம் பார்த்துக் கொடுக்கிறார், இப்போது காபிக்கு இல்லை, கட்டணத்துக்கு. அங்கீகாரமுள்ள மனைகளை மட்டும் கைமாற்றிவிடுகிறார். ரெரா சட்டம் வந்த பிறகு ஏஜெண்டாகவும் பதிவு செய்துகொண்டார். சட்டப்படி, வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். "இது அப்பவே இருந்திருந்தா நான் அந்த அரிசியை வாங்கியிருக்க மாட்டேன்" என்பார்.

நான் இப்போது பி.காம். கடைசி வருடம். மாமா ஒருவர் தஞ்சாவூர் பக்கம் மனைப்பிரிவு போடுகிறார். "படிப்பு முடிஞ்சதும் வந்துடும்மா, பங்கு தர்றேன்" என்கிறார். தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸிலும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சம்பளம் சொற்பம்தான். ரெண்டில் எது என்று தெரியாமல் அப்பாவிடமே கேட்டேன். "வேலையை விட்டதுக்கு இப்ப வருத்தப்படுறீங்களாப்பா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேலைய விட்டது தப்பில்ல பாப்பா. நிலத்துல போட்டா காத்திருக்கணும். கோர்ட்டுக்கு, மழைக்கு, மேட்டூர்த் தண்ணிக்கு, எல்லாத்துக்கும் காத்திருக்கணும். நான் என் காசுல காத்திருக்கல. அந்தம்மா காசுல காத்திருந்தேன். அதுதான் தப்பு."

என் நண்பனுக்கும் நான் சொல்ல வருவது இதுதான். நிலம் கெட்ட தொழில் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்து முன்னுக்கு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் மாதச் சம்பளம் என்பது வெறும் பணம் இல்லை. நீ காத்திருக்க வேண்டிய நாட்களுக்கு வேறு யாரோ பொறுப்பேற்றுக்கொள்கிறார்கள், அதுதான் சம்பளம். அதை விட்டுவிட்டால் அந்தப் பொறுப்பு எங்கேயாவது போய் உட்காரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் முதலில் அம்மாவின் டப்பாக்கள் காலியாயின, அப்புறம் நகை போனது, அப்புறம் என் பள்ளிக்கூடம் மாறியது. எல்லாவற்றுக்கும் முன்னால், எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பெண்ணின் 24 தவணை அதில் மாட்டிக்கொண்டது.

நான் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். மாமாவுக்குக் கோபம்தான். ஒரு வருடம் சம்பளமே வராவிட்டாலும் யார் பணத்தையும் தொடாமல் சாப்பிட முடியும் என்கிற அளவுக்குச் சேர்த்த பிறகு, நிலத்தைப் பற்றி யோசிக்கலாம். எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது.

இப்போதும் மாதத்தில் ஒரு நாள் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறார். எட்டுக் குழியில் சின்னதாக ஒரு வீடு கட்டி, கொல்லையில் பூசணிக்கொடி விட்டிருக்கிறார். காய் கொண்டுவந்து கொடுப்பார். அப்பா இப்போது கொல்லைப்பக்கம் போவதில்லை. வாசலுக்கு வந்து, "உக்காருங்கம்மா" என்கிறார்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்? நான் செய்வது பயந்தாங்கொள்ளித்தனம் என்று தோன்றினால், அதையும் தாராளமாகச் சொல்லுங்கள்.