பெத்த பேரு கிளப்பும் பயிற்சியாளர் நாற்காலியும்

2018 ஜனவரி 2. கொல்கத்தாவில் ஒரு ஐ-லீக் மேட்ச். ஒரு பக்கம் மோகன் பகான், 1889-ல் ஆரம்பித்த கிளப். 1911-ல் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய கதையை வைத்தே இன்னும் நூறு வருடம் ஓட்டலாம். இன்னொரு பக்கம் நம்ம சென்னை சிட்டி. ஐ-லீகுக்குள் வந்தே அது இரண்டாவது சீசன்தான். அந்த சீசனையும் 10 அணிகளில் 8-வதாக முடித்தார்கள்.

ஸ்கோர்: சென்னை சிட்டி 2, மோகன் பகான் 1.

தோற்றதும் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் ராஜினாமா செய்துவிட்டார்.

இந்த சஞ்சய் சென் யார் என்று தெரிந்தால்தான் விஷயம் உறைக்கும். 2001-02-க்குப் பிறகு 13 வருடமாக தேசிய லீக் பட்டமே இல்லாமல் கிடந்த பகானுக்கு 2014-15-ல் ஐ-லீக் வாங்கிக் கொடுத்தவர். அடுத்த வருடம் ஃபெடரேஷன் கோப்பை. லீகில் அந்த வருடமும் இரண்டாம் இடம், அதற்கு அடுத்த வருடமும் இரண்டாம் இடம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நல்ல லாபக் கணக்கு. ஆனாலும் சென்னையிலிருந்து போன ஒரு குட்டி அணியிடம் தோற்றதோடு கதை முடிந்தது.

பி.காம். மக்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வருமே? (கண்ணால் பார்க்க முடியாத சொத்து, ஆனால் ஐந்து மார்க் கேள்வியாகக் கண்டிப்பாகக் கண்ணில் படும்.) அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கடை வருடக்கணக்கில் தானாகச் சம்பாதித்த பெயரை ஏட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது. யாராவது காசு கொடுத்து வாங்கினால்தான் அது ஏட்டுக்கு வரும். அந்தப் பெயரை எப்படி மதிப்பிடுவது? கடந்த சில வருட லாபத்தின் சராசரியை எடு. லாபம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால், சமீபத்திய வருடத்துக்கு அதிக எடை கொடு. 1911-ல் வந்த லாபத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வாத்தியார் முட்டைதான் போடுவார்.

ஆனால் கால்பந்து ரசிகன் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அவனுக்கு 1911-ம் நேற்றுதான். பயிற்சியாளர் அந்த நாற்காலியில் உட்காரும்போது கூடவே வருவது அந்தப் பெயர். அது அவர் சம்பாதித்தது இல்லை, முன்னால் இருந்தவர்கள் சம்பாதித்தது. ஆகவே அவர் ஏட்டில் அது வரவுப் பக்கம் விழாது. அவர் வட்டி கட்ட வேண்டிய கடனாகத்தான் விழும்.

இதற்கு காலித் ஜமிலின் கதையைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் கிடைக்காது.

காலித் மும்பை எஃப்.சி. என்ற கிளப்பில் 2009 முதல் 2016 வரை பயிற்சியாளர். ஏழு வருடம்! பெரிய கோப்பை ஒன்றும் கிடையாது. லீகிலிருந்து கீழே விழாமல் பார்த்துக்கொண்டதே பெரிய வேலை. ஏழு வருடம் கோப்பை இல்லாமல் ஒரு ஆள் ஈஸ்ட் பெங்காலில் உட்கார்ந்திருக்க முடியுமா, யோசித்துப் பாருங்கள். ஏழு மாதமே சந்தேகம்.

2016-ல் அங்கிருந்து வெளியே வந்தவரை மிசோரமின் ஐஸ்வால் எஃப்.சி. எடுத்துக்கொண்டது. ஐஸ்வால் அதற்கு முந்தைய சீசனில் கீழே இறங்கிய அணி. கோவா கிளப்புகள் லீகை விட்டு விலகியதால் காலி இடம் வந்து, போனால் போகிறதென்று மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். அந்த அணியை வைத்துக்கொண்டு 2016-17-ல் காலித் சாம்பியன் ஆனார். ஏப்ரல் 22-ல் ஐஸ்வாலில் மோகன் பகானை 1-0 என்று வென்றது முக்கியமான மேட்ச். கடைசி நாள், ஏப்ரல் 30, ஷில்லாங்கில் 1-1 டிரா, அது போதுமானதாக இருந்தது. ஐஸ்வால் 37 புள்ளி, பகான் 36. அதே நாளில் கொல்கத்தாவில் பகான் சென்னை சிட்டியை ஜெயித்தும் பிரயோஜனமில்லை. வடகிழக்கிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக் வென்றது அதுதான் முதல் முறை.

இப்போது காலித் முன்னால் இரண்டு கதவு. ஒன்று, சாம்பியன் அணியிலேயே இருப்பது. ஊரே கொண்டாடும், ஆனால் பணம் குறைவு, நல்ல ஆட்டக்காரர்களை அடுத்த சீசனே பெரிய கிளப்புகள் கொத்திக்கொண்டு போய்விடும். இன்னொன்று ஈஸ்ட் பெங்கால். 1920-ல் தொடங்கியது, பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த லட்சக்கணக்கான குடும்பங்களின் கிளப். ஆனால் தேசிய லீக் வென்று கிட்டத்தட்ட 13 வருடம் ஆகியிருந்தது, கடைசியாக 2003-04.

காலித் ஈஸ்ட் பெங்கால் போனார். இந்தியப் பயிற்சியாளருக்கு அது பெரிய சம்பளம் என்று அப்போது பத்திரிகைகளில் பேச்சு. ஐஸ்வாலில் நடுக்களத்தைத் தாங்கிய சிரியாக்காரர் அல் அம்னாவும் கூடவே போனார்.

போன உடனே கல்கத்தா லீக் வென்றார், அது ஈஸ்ட் பெங்காலுக்குத் தொடர்ச்சியாக எட்டாவது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, எட்டாவது தடவை வாங்குவதை யார் பட்டாசு வெடித்துக் கொண்டாடுவார்கள்? ஐ-லீகில் பகானுக்கு எதிரான இரண்டு மேட்சிலும் தோல்வி. அங்கேதான் ஆட்டம் கண்டது. சீசன் முடிவதற்குள் சுபாஷ் பௌமிக்கைத் தொழில்நுட்ப இயக்குநராகக் கொண்டுவந்து தலைக்கு மேலே உட்கார வைத்தார்கள். பௌமிக் சாதாரண ஆள் இல்லை, ஈஸ்ட் பெங்காலுக்கு 2002-03, 2003-04 இரண்டு லீக் பட்டங்களையும் வாங்கித் தந்தவர். ஆனாலும் பாருங்கள், சென்ற வருடத்து சாம்பியனைக் கண்காணிக்க 14 வருடத்துக்கு முந்தைய சாம்பியன்! பழம்பெருமை ஆள் வடிவம் எடுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

ஈஸ்ட் பெங்கால் நான்காவதாக முடித்தது. சூப்பர் கோப்பை இறுதி வரை வந்து பெங்களூரு எஃப்.சி.யிடம் 4-1 என்று தோற்றது. காலித் கிளம்பினார். 2019 ஜனவரியில் மோகன் பகான் கூப்பிட்டது, போனார். பாதி சீசன், ஐந்தாம் இடம், அத்தோடு அதுவும் சரி. கொல்கத்தாவின் இரண்டு பெரிய நாற்காலிகளையும் இரண்டு வருடத்துக்குள் பார்த்துவிட்டார் மனிதர்.

அந்த இரண்டு சீசனிலும் ஐ-லீக் யாருக்குப் போனது? 2017-18-ல் மினர்வா பஞ்சாப், அவர்களும் சென்னை சிட்டியோடு ஒன்றாக லீகுக்குள் வந்தவர்கள். 2018-19-ல் சென்னை சிட்டியே! தமிழ்நாட்டிலிருந்து தேசிய லீக் வென்ற முதல் கிளப். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து கூட்டி வந்த நாலைந்து பேர், பெட்ரோ மான்சியின் 21 கோல், எட்வின் சிட்னி மாதிரி நம் பையன்கள். அணியின் பெயரில்தான் சென்னை, ஆடியதெல்லாம் கோவை நேரு ஸ்டேடியத்தில்.

தர்மபுரிக்காரர்களுக்கு இங்கே ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. நம்ம ஸ்டேஷனில் நிற்கும் எர்ணாகுளம் இன்டர்சிட்டியில் ஒரு திசையில் போனால் அந்தக் கோவை. எதிர்த்திசையில் போனால் பெங்களூரு, கண்டீரவா ஸ்டேடியம். சஞ்சய் சென் 2015 மே 31-ல் பகானுக்கு லீக் வாங்கிக் கொடுத்தது அந்த கண்டீரவாவில்தான். இந்தியக் கால்பந்தின் இரண்டு பெரிய கடைசி நாள் மேட்சுகள் ஒரே ரயில் பாதையில், நாம் நடுவில்! ஊரில் கால்பந்து என்றால் பையன்கள் மொபைலில் மெஸ்ஸி பார்ப்பதோடு சரி என்பது வேறு கதை :-)

2019 மார்ச் 9 கடைசி நாள். சென்னை சிட்டி தவறினால் ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். கோவையில் மினர்வா முதலில் கோல் போட்டு வயிற்றில் புளியைக் கரைத்தது. பிறகு சென்னை சிட்டி திருப்பிக் கொடுத்து 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. 43 புள்ளி, 42 புள்ளி. அந்த ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியைப் பார்த்த அலெஹாண்ட்ரோ மெனெண்டஸ். ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தவர் அடுத்த சீசன் பாதியில், 2020 ஜனவரியில், விலகினார்.

இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் பயிற்சியாளர் வேலைக்கு இங்கே ஐ.பி.எல். ஏலத்துக்கு நடப்பதைவிட அதிக ஆரவாரம் நடக்கும் (அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, அதை விட்டுவிடுவோம்). நோட்ரடாம் அங்கே ஒரு மோகன் பகான். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், நாடு முழுக்க ரசிகர்கள், ஆனால் கடைசி தேசியப் பட்டம் 1988-ல். அங்கே அதிக வெற்றிகள் பெற்ற பிரையன் கெல்லி 2021-ல் அதை விட்டுவிட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை, அங்கே அவருக்கு முன்னால் இருந்த மூன்று பேருமே பட்டம் வாங்கியிருந்தார்கள்: 2003, 2007, 2019. பழைய பெயரை விட்டு இப்போதைய வெற்றியைப் பிடித்தார். நடந்தது என்ன? 2025 அக்டோபரில் பத்து வருட ஒப்பந்தத்தின் பாதிகூட முடியாமல் வெளியே அனுப்பினார்கள். அவர் விட்டுவந்த நோட்ரடாம் 2025 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டியே ஆடியிருந்தது. ஆக புதிய வெற்றியும் ஒரு வகைப் பழம்பெருமைதான், கொஞ்சம் இளசு, அவ்வளவே. மூன்று பேர் வாங்கினார்கள் என்பது நான்காவது ஆளுக்குச் சொத்தாகவில்லை.

சரி, அப்படியானால் பெத்த பேரு கிளப்பே வேண்டாம், சின்ன கிளப்பில் நிம்மதியாக இரு என்று சொல்லிவிடலாமா? அதுதான் முடியவில்லை.

சென்னை சிட்டி எங்கே இப்போது? பட்டம் வென்ற 2019-லேயே ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அடுத்த வருடம் நவாஸ் போனார். 2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் அந்தப் பெயரே இல்லை. மினர்வா கை மாறி, பெயர் மாறி, இப்போது பஞ்சாப் எஃப்.சி. காலித்தை ஏழு வருடம் பொறுத்துக்கொண்ட மும்பை எஃப்.சி., அவர் ஐஸ்வாலில் சாம்பியன் ஆன அதே சீசனில் கடைசி இடம் வந்து கீழே போனது. பொறுமையாக இருந்த கிளப்பும் இல்லை, ஜெயித்த கிளப்பும் இல்லை. தமிழ்நாட்டின் முதல் லீக் சாம்பியன் மூன்றே வருடத்தில் காணாமல் போனதற்கு இங்கே ஒரு ஊர்வலம் உண்டா, ஒரு மறியல் உண்டா? கோவையில் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் நல்ல ஆட்டம் பார்க்க வந்தார்கள். தாத்தா காலத்து சண்டையைத் தொடர வரவில்லை. ஆட்டம் நின்றதும் அவர்களும் நின்றுவிட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது.

ஈஸ்ட் பெங்காலோ முதலீட்டாளர்கள் வருவதும் போவதுமாக எத்தனை குழப்பம் பார்த்தாலும் மூடவில்லை. மூட விடமாட்டார்கள். 2024 ஜனவரியில் ஸ்பெயின்காரர் கார்லஸ் குவாட்ராட் சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தபோது 12 வருடத்தில் அதுதான் அவர்களின் முதல் தேசியக் கோப்பை. ஊர் திரண்டது. அதே வருடம் செப்டம்பரில் புது சீசனின் முதல் மூன்று மேட்சும் தோல்வி. குவாட்ராட் ராஜினாமா. கோப்பையின் பளபளப்பு எட்டு மாதம் தாங்கியது. கிளப்பைச் சாகவிடாத அதே கூட்டம்தான் பயிற்சியாளரை வாழவும் விடுவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே பாசம்.

ஆகவே 2017-ல் காலித் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஐஸ்வாலில் இருந்திருந்தால் சாம்பியன் என்ற பெயரும், அடுத்த வருடம் ஐந்தாம் இடமும் கிடைத்திருக்கும் (ஐஸ்வால் 2017-18-ல் ஐந்தாவதாகத்தான் வந்தது). குடும்பம் நடத்துபவன் சம்பளம் பார்ப்பது பாவமில்லை. தப்பு எங்கே என்றால், வேலை கேட்கிறவர் கிளப்பின் வயதையும் கோப்பையையும் விசாரிக்கிறார், முந்தைய ஐந்து பயிற்சியாளர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதை விசாரிப்பதில்லை. கடன் கொடுப்பவன்கூட அதைப் பார்க்காமல் கொடுக்கமாட்டான்.

கொல்கத்தாவுக்குப் பிறகு காலித் போன இடங்களைப் பாருங்கள். நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில் உதவியாளர், பிறகு இடைக்காலப் பொறுப்பு, அரையிறுதி, 2021-ல் அங்கேயே நிரந்தரம். ஐ.எஸ்.எல்.லில் ஒரு இந்தியர் அப்படி ஆனது அதுவே முதல் தடவை. 2023 டிசம்பரில் ஜாம்ஷெட்பூர், 2024-25-ல் அவர்களையும் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். சஞ்சய் சென்னும் சும்மா இல்லை, 2024 டிசம்பர் 31-ல் ஹைதராபாத்தில் வங்காளத்துக்கு சந்தோஷ் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

2025 ஆகஸ்டில் காலித்தை இந்திய அணிக்குப் பயிற்சியாளராகப் போட்டார்கள். போன முதல் போட்டித் தொடரிலேயே ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம், எங்கே பார்த்தாலும் பாராட்டு. அக்டோபர் 14-ல் மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 தோல்வி, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. அன்று ராத்திரியே இணையத்தில் அவரைத் தூக்கச் சொல்லி எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.